சமயபுரத்துக்கு, லோமே வழியாக

ஹலோ... ஹலோ, அண்ணே, வேணிதான். சொல்லு... கேக்கலை. இங்க ஒரே மேளச் சத்தம். இரு, பாலத்து ஓரமா ஒதுங்கிக்கிறேன்... ம், கொள்ளிடம் பாலத்துலதான். அம்மா முன்னாடி மஞ்சப்புடவைக் கூட்டத்தோட போயிட்டிருக்கு. நான் தண்ணி பாட்டிலத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி... ஆமா, செருப்பு போட்டுக்கிட்டுதான். எனக்கு ஒரு வேண்டுதலும் இல்ல. சரி, நீ ரூம்லயா இருக்க?

...

நடக்குறியா? எங்க?

...

என்னது, வெறுங்கால்லயா? லோமேயிலயா? அண்ணே, உனக்குப் புத்தி கித்தி... ஆமா, ஆமா, வருஷா வருஷம் நடப்ப, தெரியும். இந்த வருஷம் ஆப்பிரிக்காவுல வெல்டிங் வேலை. விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? ஸ்ரீரங்கத்துலேருந்து சமயபுரம் எவ்ளோ தூரமோ அவ்ளோ தூரத்த அங்கயே நடந்து கழிச்சா ஆத்தா ஏத்துக்கும்னு எவன் சொன்னான்?... நீயே முடிவு பண்ணிட்டியா. நல்லாருக்கு.

ம்... ம்... கடல் இடது கைப் பக்கமே இருந்தா வழி தப்பாதுன்னு நேரா வந்துட்ட. சரி, இப்ப என்ன?... லாரியா வரிசையா நிக்குதா? பெரிய கேட் இருக்கா?... துப்பாக்கி வச்சுக்கிட்டு நிக்கிறான், நீ சந்தைங்கிற! நில்லு. அங்கயே நில்லு, லொகேஷன் அனுப்பு... வந்துருச்சு.

அய்யோ. திரும்புண்ணே. அது பார்டர்... பார்டர்! டோகோவுக்குத் தலைநகரம்தான் லோமே, ஆனா ஊரு முடியுற எடத்துலயே கானா நாடு ஆரம்பிக்குது. பாஸ்போர்ட் இருக்கா?... கம்பெனியிலயா? ஜெராக்ஸ்?... அதுவும் இல்ல. மஞ்ச வேட்டி, சட்டையில்லாத உடம்பு, கையில வேப்பிலைக் கொத்து. உன்னப் பாத்தா யாருன்னு நெனைப்பான்?

...

கூப்புடுறானா? ஓடாத! ஓடாதண்ணே, கையத் தூக்கிக்கிட்டு நில்லு. போனை அவருகிட்ட குடு.

ஹலோ, சார்... ஐ யாம் ஹிஸ் சிஸ்டர்... சிஸ்டர், சார்... நோ இங்கிலீஷ்?... சார், ப்ளீஸ்... அண்ணே, அவரு பிரெஞ்சு பேசுறாரு. எனக்கு எப்புடித் தெரியும்? நான் எம்.ஏ. இங்கிலீஷ்! நம்ம குடும்பத்துலயே மொத டிகிரி. இங்கிலீஷ் படிச்சா ஒலகம் பூரா போலாம்னானுங்க, இந்தா, ஒரு கேட்டத் தாண்ட முடியலை... பக்கத்துல இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் இருக்கானா? குடு, குடு.

யெஸ், சார்... லீஃப்?... நோ, நோ, நாட் டிரக்ஸ்! நீம், சார், நீம் லீஃப். ஃபார் காடஸ்... யெஸ், யெஸ், ஒன்லி வாக்கிங்... நாட் கானா, சார்! ஹி ஈஸ் வாக்கிங் டு சமயபுரம்... நோ, சார், சமயபுரம் ஈஸ் இன் இந்தியா...

...

சிரிக்கிறானுங்கண்ணே. எதுக்கு நடக்குறான்னு கேக்குறானுங்க. என்னன்னு சொல்றது?

...

எனக்கா?

...

எனக்கு வேலை கெடைக்கணும்னா? இத்தனை வருஷமும் அதுக்குத்தான் நடந்தியா? யாரு கேட்டா உன்ன? பரிச்ச எழுதுறது நானு. தோக்குறது நானு. நீ எதுக்கு இப்புடிக் கொப்புளம்... இல்ல. அழலை. லாரி தூசி.

சரி, கேளு. சூப்பர்வைசர் பிலோமின்ராஜ் நம்பருக்கு அடிக்கிறேன், பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு வரட்டும்... ஞாயித்துக்கெழமை சர்ச்சுல இருந்தா இருக்கட்டும், அடிச்சுக்கிட்டே இருப்பேன்... ஜீப்புல ஏறச் சொல்றானா? எந்த ஸ்டேஷன்னு கேளு. சைகையிலயாவது கேளு!... கேட்டாலும் அவன் சொல்றது உனக்குப் புரியாது. சரி. சரி, ஏறு, மொறைக்காம ஏறு.

அம்மா நின்னு திரும்பிப் பாக்குது. இல்ல, சொல்ல மாட்டேன். பாதி வழியில மயக்கம் போட்டு வுழும்... ம், சொல்லு, சீக்கிரம் சொல்லு, போனைப் புடுங்கப் போறான்.

...

அதையா இப்ப கேக்குற? பாதியில ஜீப்புல ஏறிட்டா, நடந்த வரைக்கும் கணக்குல வருமான்னு என்னக் கேக்குறியே, எனக்கு என்னண்ணே தெரியும்?

...

வரும். வரும்ணே. கண்டிப்பா வரும்... ஹலோ? வரும்னு சொன்னேன், கேட்டுச்சா? அண்ணே?... ஹலோ?