லண்டனுக்கு எத்தனை டிக்கெட்?

— எட்டு நாளா! எட்டு நாள்ல என்னத்தைம்மா பார்க்க முடியும்? ஏரோப்ளேன்ல போய் வரவே ரெண்டு நாள் ஓடிப் போயிடும். சினிமாவுக்குப் போயிட்டு இடைவேளையில எழுந்து வந்த கதைதான்.

— அத்தை, இருங்க இருங்க. நாங்க பிரிட்டன் போறது உங்களுக்கு எப்படித் தெரியும்? நானும் அவரும் இன்னும் யார்கிட்டயும் வாயைத் திறக்கலையே.

— ட்ராவல்ஸ்காரர் வீட்டு நம்பருக்குப் போன் பண்ணாரு. நீ மொபைலை எடுக்கலையாம். “மேடம் கேட்ட டூர் விஷயமா”ன்னு ஆரம்பிச்சாரு. நானும் ஒரு மேடம்தானே? உம் கொட்டினேன். மனுஷன் எல்லாத்தையும் கொட்டிட்டாரு.

— கண்ணாடிக் கடையில ஒரு பெரியவருக்குக் கண் டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன் அத்தை. நடுவுல எப்படி எடுக்கிறது? இன்னிக்கு நானே உங்ககிட்ட சொல்லலாம்னுதான்...

— சொல்லலாம்னுதான் இருந்தே. நம்பிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற ஆளு நீ. சரி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு. டூர் புத்தகத்தை இப்படிக் கொடு. ஒரு வார்டையே கட்டி மேய்ச்ச ஹெட் நர்ஸ் நான், ஒரு டூருக்கு வழி பண்ண மாட்டேனா?

— உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம்...

— சிஸ்டரம்மா! என் கண்ணாடியைப் பார்த்தியா?

— தலையில தடவிப் பாருங்க!

— தலையில இல்லையே!

— அப்ப சட்டைப் பையில!

— ஆங், இருக்கு இருக்கு! நீ வேலையைப் பாரு!

— பாரு, வேலையைப் பார்க்கச் சொல்லி உன் மாமனார் எனக்கு உத்தரவு கொடுத்தாச்சு. நீ சொல்லு. லண்டன்ல ஹோட்டல் எங்க?

— ஸ்டேஷன் பக்கத்துல ஒரு சின்ன ஹோட்டல். ஆனா அத்தை, ரூம் நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படியெல்லாம் செங்குத்தா இருக்குமாம், ஏணி மாதிரி.

— லிஃப்ட் இல்லையா? அது நடக்காது. மூட்டு வலியை வச்சுக்கிட்டு ஏணி ஏற முடியுமா? வேற ஹோட்டல் பாரு. காலைச் சாப்பாடு அங்கேயே கொடுக்கணும். கண்ணு முழிச்ச உடனே வயித்துல ஏதாவது விழலேன்னா ஊர் ரெண்டாயிடும்.

— மூட்டு வலிக்கா... அதுவும் சரிதான் அத்தை.

— ரூம் பெரிசா?

— ரூமா அது? தீப்பெட்டி. ரெண்டு பேர் உள்ளே நின்னா, மூணாவது ஆள் சுவாசிக்கிறதுக்கு வெளியில போகணும்.

— அப்ப இன்னொரு ரூமும் சேர்த்துப் போடு. ஒட்டினாப்பல வேணாம், ரெண்டு ரூம் தள்ளியே இருக்கட்டும். குறட்டைச் சத்தம் சுவர் தாண்டி வரும். இளசுங்க தூங்க வேணாமா?

— இன்னொரு ரூமா...

— ஏன், முகம் சுருங்குது? ஜுரமா? கையைக் கொடு, நாடி பார்க்கிறேன்.

— ஜுரமெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் என்ன சொல்றேன்னா அத்தை, அங்க எந்நேரமும் மழையாம். காத்து வேற. குடையைப் பிரிச்சா குடை நம்மை இழுத்துக்கிட்டுப் போகுமாம்.

— மழைன்னா என்ன, கரைஞ்சா போயிடுவாங்க? கம்பளிக் குல்லா, மப்ளர், கையுறை எல்லாம் பீரோவுல சும்மாதானே தூங்குது? காத்து வாங்கட்டும். சரி, இது என்ன படம்? வெட்டவெளியில கல்லை நிக்க வச்சிருக்கான்?

— அது ஸ்டோன்ஹெஞ்ச். ஆதிகாலத்துக் கல்லு. நாங்க அதைச் சேர்க்கல அத்தை. அந்தக் கல்லைப் பார்க்க லண்டன்லேர்ந்து பஸ்ல போயிட்டு வந்தா ஒரு நாளே முடிஞ்சுடும்.

— ஒரு நாள் முழுசாவா? ரொம்ப நல்லது. போடு.

— வெறும் கல்லு அத்தை!

— கல்லுன்னா கேவலமா? அதை யாரு தூக்கி வச்சா, எப்படித் தூக்கினா, கயிறு போட்டானா, உருட்டினானான்னு எவ்வளவு யோசிக்கலாம்! அப்புறம் பழைய மெஷின், எஞ்சின் எல்லாம் வச்சிருக்கிற மியூசியம் ஒண்ணு இருக்காமே லண்டன்ல? அதுக்கும் ஒரு நாள்.

— உங்களுக்கு எஞ்சின்ல எப்போலேர்ந்து ஆசை வந்துச்சு அத்தை?

— அறிவை வளர்த்துக்கிறதுக்கு வயசு உண்டா? அடுத்து என்ன, ஸ்காட்லாந்தா? எப்படிப் போறது?

— லண்டன்லேர்ந்து எடின்பரோவுக்கு ரயில். வழியில கொஞ்ச தூரம் ஜன்னல்ல கடல் தெரியுமாம். அங்க ரெண்டே ரெண்டு நாள், ஏரிக்கரையில ஒரு சின்ன வீடு. சுத்துவட்டாரத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. உங்களுக்கெல்லாம் ரொம்ப போர் அடிக்கும்.

— ஏரியை எவ்வளவு நேரம் பார்ப்பே? மலைப்பக்கம் பஸ் டூர் போட்டிருக்கான் பாரு, அஞ்சு நாள். பஸ்ல கூடவே ஒரு ஆள் விளக்கம் சொல்லிக்கிட்டு வருவானா?

— டிரைவரே மைக் வச்சுப் பேசிக்கிட்டு வருவாராம்.

— கேள்வி கேட்டா பதில் சொல்வாரா?

— எத்தனை கேட்டாலும் சொல்வாராம்.

— அப்பாடா! அந்த டிரைவருக்குப் புண்ணியமாப் போகும். முதல்ல அதைப் போடு.

— சிஸ்டரம்மா! சமையல்கட்டுல லைட் எரியுதே, யாராவது இருக்கீங்களா?

— நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்!

— அப்ப எரியட்டும்! ஆள் இல்லேன்னா அணைக்கலாமேன்னு கேட்டேன்!

— கரண்ட் ஆபீஸ்ல மீட்டர் பார்த்து ரிட்டயர் ஆனவருக்கு வாக்கப்பட்டா இப்படித்தான். நேத்து வாஷிங் மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே அணைச்சுட்டாரு. “ரொம்ப நேரமாச் சுத்துது, களைச்சுப் போயிருக்கும்”னு பதில் வேற. இரு, மாத்திரையைக் கொடுத்துட்டு வரேன். நீ அந்த மலைப் பக்கத்தைப் படிச்சு வை.

— சரி அத்தை... ஹலோ, நான்தாங்க. சத்தமாப் பேசாதீங்க. குடி முழுகிப் போச்சு. அத்தைக்கு எல்லாம் தெரிஞ்சுடுச்சு... என்ன, சந்தோஷப்பட்டாங்களாவா? சமையல்கட்டுல உட்கார்ந்து டூர் போட்டுக்கிட்டிருக்காங்க! ரெண்டு ரூமாம், லிஃப்ட்டாம், குறட்டையாம். நாலு பேருக்கும் சேர்த்து முடிவு பண்ணிட்டாங்க... பார்த்துக்கலாமா? உங்க வாயில வேற வார்த்தையே வராதா? தேனிலவுக்கே உங்க சித்தப்பா குடும்பம் வேன்ல வந்துச்சு, அப்பவும் பார்த்துக்கலாம்னீங்க. பின் சீட்டுல உங்க சித்தி மடியில தலை வச்சுத் தூங்கினேன் நான்... சிரிக்காதீங்க. கல்யாணமாகி மூணு வருஷம். நீங்களும் நானும் மட்டும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்கோமா? எனக்கு லண்டனும் வேணாம், எடின்பரோவும் வேணாம். அந்த ஏரிக்கரை வீடு மட்டும் போதும். கதவைச் சாத்தினா நாம ரெண்டே பேர்... நீங்க சொல்ல மாட்டீங்க, தெரியும். பூனைக்கு நானே மணி கட்டிக்கிறேன். வராங்க, வச்சுடறேன்.

— யாரு போன்ல? உன் புருஷனா? பார்த்துக்கலாம்னானா?

— அதேதான் அத்தை.

— அப்பனை மாதிரி இல்ல அவன், அந்த மட்டும் நீ பாக்கியசாலி. நான் விரல் விட்டு எண்ணிட்டேன். லண்டன், கல்லு, மெஷின் மியூசியம், ரயில், மலை பஸ், ஏரி எல்லாம் சேர்த்துப் பதினெட்டு நாள் வருது. கச்சிதம். ஒண்ணு கவனம், திரும்பி வர்ற தேதியை மாத்தவே முடியாத டிக்கெட்டாப் போடு.

— ஏன் அத்தை? அவசரம்னா திரும்பி வர வேணாமா?

— என்ன பெரிய அவசரம்? இன்சூரன்ஸ் போட்டுடு. உடம்புக்கு வந்தா அங்கேயே பார்ப்பாங்க. அங்க இல்லாத டாக்டரா?

— அத்தை, போதும். அந்தப் புத்தகத்தைக் கீழ வைங்க. நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க.

— சொல்லு.

— பயமா இருக்கு.

— ஊசி குத்தற நர்ஸ்கிட்டதான் பயப்படணும். நான் ரிட்டயர் ஆயாச்சு. சொல்லு.

— இந்தப் பயணத்துக்கு நானும் அவரும் மட்டும் போகணும்னு ஆசைப்பட்டோம் அத்தை. நாங்க ரெண்டு பேர் மட்டும். உங்களைப் பிடிக்காம இல்ல. என் அம்மா வீட்டை விட இங்க நல்லா இருக்கேன், சத்தியமா. ஆனா இந்த மூணு வருஷத்துல நாங்க தனியா ஒரு தெருமுனை வரைக்கும் போனதில்ல. நீங்க வந்தா... நீங்க இந்த முறை வர வேணாம் அத்தை. சொல்லிட்டேன். இனி திட்டறதுன்னா திட்டுங்க.

— அடிப் பைத்தியமே! நான் வரேன்னு எவ சொன்னா?

— வரலையா?

— என் பாஸ்போர்ட் காலாவதியாகி எந்தக் காலமோ ஆச்சு. அதைப் புதுப்பிக்கிற எண்ணமும் எனக்கு இல்ல.

— ஐயோ அத்தை! நான் என்னென்னவோ பேசிட்டேனே. மன்னிச்சுக்கோங்க. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

— எதுக்கு? கேட்க வேண்டியதைத்தான் கேட்டே. உன் வயசுல எனக்கு அந்தத் தைரியம் இருந்திருந்தா எங்கேயோ இருந்திருப்பேன். அழாதே. இந்தா, முந்தானையில துடைச்சுக்கோ.

— உங்களுக்கு ஊர் சுத்திப் பார்க்க ஆசையே இல்லையா அத்தை?

— எனக்கு லண்டன் வேணாம் கண்ணு. இந்த வீடு போதும். ஆனா தனியா வேணும். ஆஸ்பத்திரியில எந்நேரமும் “சிஸ்டர், சிஸ்டர்”. வீட்டுக்கு வந்தா “அம்மா, அம்மா”. நான் ரிட்டயர் ஆகி, உன் மாமா இன்னும் ஆபீஸ் போயிட்டிருந்தாரே, ஒரு மூணு மாசம்? நீங்க மூணு பேரும் கிளம்பினதும் கதவைச் சாத்திட்டு, இதோ இந்த ஜன்னல் பக்கத்துல உட்காருவேன். ஒரு டம்ளர் டீயை ஆறாம, முழுசா, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பேன். யாரும் கூப்பிட மாட்டாங்க. ஒரு நாள் சந்தோஷம் தாங்காம அழுதே இருக்கேன், தெரியுமா?

— நீங்க சொன்னதே இல்லையே அத்தை.

— சொன்னா என்ன நினைப்பாங்க? வீட்டு மனுஷங்களைப் பிடிக்கலைன்னு நினைப்பாங்க. எல்லாரையும் பிடிக்கும்மா. ஆனா கொஞ்ச நாள் தள்ளி நின்னு பிடிக்கட்டுமே.

— அதுக்குத்தான் பதினெட்டு நாளா! முதல்லேயே சொல்லியிருக்கலாமே. எனக்கு மனசே நிறைஞ்சு போச்சு அத்தை. நாங்க கிளம்பிட்டா வீடு அமைதியாயிடும். உங்களுக்காக இன்னும் ஒரு வாரம் கூட இருந்துட்டு வரோம். வேற என்ன செய்யணும் நான்? எது வேணும்னாலும் கேளுங்க.

— எது வேணும்னாலுமா? அப்புறம் பேச்சு மாற மாட்டியே?

— மாட்டவே மாட்டேன். உங்க பிள்ளை மேல ஆணை.

— நீங்க ரெண்டு பேரும் இங்க இருந்தாதான் எனக்கு என்ன தொந்தரவு? விடிஞ்சா போறீங்க, இருட்டினா வரீங்க. பூ மாதிரி இருக்கீங்க.

— பின்னே?

— சிஸ்டரம்மா! ரொம்ப நேரமாப் பேச்சுக் குரலாவே கேட்குதே, அங்க என்னதான் பண்றே?

— இதோ, உங்களுக்கு ஜன்னலோர சீட்டாப் பார்த்து டிக்கெட் போடச் சொல்லிக்கிட்டிருக்கேங்க, நம்ம மருமக உங்களை லண்டனுக்குக் கூட்டிட்டுப் போறாளாம்!