இரண்டு வீட்டுத் தாத்தா

ஆடிக்காற்றில் படம் கழுவுகிறவன் படும் பாடு உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஐயா. பக்கத்துத் தறிப் பட்டறைப் பஞ்சு எந்த இடுக்கு வழியாகவாவது இருட்டறைக்குள் வந்துவிடும். ஒரு துகள் விழுந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளி. அதனால்தான் சன்னலை ஆணி அடித்து மூடியிருந்தேன். ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் இருக்கும் காசி அண்ணாச்சிக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. மின்விசிறிக்கு நேராக உட்காரச் சொல்லுங்கள். அவர் புது வீடு கட்டியபோதுதான் இது தொடங்கியது.

"ஏ முத்துக்கிருஷ்ணா, ஹால்ல மாட்ட எங்க தாத்தா படம் ஒண்ணு வேணும்வே. உன் ஸ்டூடியோவுலதான் அந்தக் காலத்துல எடுத்தாராம். பழைய கண்ணாடி நெகட்டிவ் கிடக்கான்னு பாரேன்" என்றார்.

பழைய முதலாளியிடம் ஸ்டூடியோவை வாங்கியபோது அந்தப் பெட்டியும் சேர்ந்து வந்தது. திறந்து பார்த்தேன். ஈரம் ஏறி, உருவமெல்லாம் உரிந்து, வெறும் கண்ணாடிதான் மிச்சம். அண்ணாச்சி தன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. இப்படி ஆசைப்படுகிறவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரக்க சுபாவம் எனக்குப் பிறவிக் கோளாறு.

செய்முறையைக் கேட்டீர்கள். கேமராவில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்தை இருட்டாகவும் இருட்டை வெளிச்சமாகவும் மாற்ற வேண்டும். அதை இங்க்ஜெட் பிரிண்டரில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டில் அச்சடித்தால் நெகட்டிவ் தயார். இருட்டறையில் போட்டோ பேப்பர் மேல் அதை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில நொடி வெளிச்சம் காட்டிக் கழுவினால், அந்தக் காலத்துப் படம்போலவே வரும். பிரிண்டரின் கோடு லேசாக விழுந்திருந்தது. பழசு என்றால் கோடு விழத்தானே செய்யும் என்றேன். அண்ணாச்சி அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

யாரை உட்காரவைத்து எடுத்தேன் என்கிறீர்கள். தலைப்பாகை கட்டி, நாடகக்காரர் ஒருவரிடம் வாங்கிய மீசையை ஒட்டிக்கொண்டு நான்தான் உட்கார்ந்தேன். என் மனைவி கனகலட்சுமி எட்டிப் பார்த்து, "கண்றாவியா இருக்கு, கழத்துங்க" என்றாள். அவளுக்கு என் முகத்தின் மேல் என்றைக்குமே பிடிப்பு கிடையாது. எங்கள் வீட்டில் அவள் அம்மா படம் மூன்று அறையிலும் இருக்கிறது. என் படம் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

கிரகப்பிரவேசத்தன்று அண்ணாச்சி குடும்பமே அந்தப் படத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. மாலை போட்டார்கள். விளக்கு வைத்தார்கள். தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று அதிரசம் படைத்தார்கள். எனக்கும் அதிரசம் பிடிக்கும். கேமராவோடு ஓரமாக நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நாளில் புளியங்குடியிலிருந்து ஆவுடையம்மாள் வந்தார். எலுமிச்சை வியாபாரம் செய்கிறவர். மகள் மாரிசெல்விக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்.

"மாப்பிள்ள வீட்டுல தாத்தா படம் பெருசா மாட்டியிருக்காங்களாம், அண்ணாச்சி. எங்க வீட்டுச் செவரு மொட்டையா கிடக்கு. மறைஞ்சுபோன எங்க வீட்டுக்காரரோட தாத்தாவும் இங்கதான் படம் எடுத்தாராம். அந்தப் பழைய நெகட்டிவ் பெட்டிக்குள்ள தேடிப் பாருங்களேன்."

எந்த மாப்பிள்ளை வீடு என்று நான் கேட்கவில்லை. அதே ஷீட்டை எடுத்தேன். மை படிந்த பக்கம் பேப்பரைத் தொட வேண்டும். அவசரத்தில் புரட்டி வைத்துவிட்டேன். என் இடது கன்னத்து மச்சம் படத்தில் வலது கன்னத்துக்குப் போனது, உருவமும் சற்று மங்கியது. பேப்பர் விற்கிற விலைக்கு அதைக் கிழித்துப் போட மனமில்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்க என்னைத்தான் காசி அண்ணாச்சி கூட்டிப்போனார். மாப்பிள்ளை அவர் மகன் கோகுல் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆவுடையம்மாள் வீட்டு வாசலில் கால் வைத்த அண்ணாச்சி சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்க தாத்தால்லா? இங்கன எப்படி வந்தாரு?"

"நல்லாயிருக்கே கதை. இது எங்க தாத்தா" என்றார் ஆவுடையம்மாள்.

கோகுல் செல்போனில் தன் வீட்டுப் படத்தைக் காட்டினான். ஒன்றில் மச்சம் இடம், ஒன்றில் வலம். இரண்டு வீட்டுத் தாத்தாக்களும் பஞ்சத்தில் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்களாம். கூட்டத்தில் யாரோ, "அப்படின்னா ரெட்டப் பிள்ளைகள்லா" என்றார்கள். இவர் சின்னவர், அதனால்தான் முகத்தில் இப்படியொரு சாந்தம் என்று ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிரிந்த குடும்பம் கூடியதென்று கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் படம் எடுத்தேன்.

அழுது முடித்த பிறகுதான் பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது என்பது உறைத்தது. தாம்பூலத் தட்டு திரும்பிப் போனது.

மறுநாள் கோகுலும் மாரிசெல்வியும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். "இவளத் தங்கச்சின்னு கூப்பிடச் சொல்லுதாங்க, அண்ணாச்சி" என்று அந்தப் பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். கண்ணாடி நெகட்டிவைக் காட்டுங்கள் என்று அவள் கேட்டாள். உடைந்துவிட்டது என்றேன். அவள் விம்மி விம்மி அழுதாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம் என்கிறீர்கள். முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு வீட்டிலும் படத்தை இறக்கிவிடுவார்களே. கல்யாணம் நின்றால் வேறு வரன் வரும். இறக்கிய தாத்தாவை யார் திரும்ப மாட்டப் போகிறார்கள்?

டீயை ஆற்றிக் கொடுக்கும்போது அவள் என் முகத்தையே பார்த்தாள். மச்சத்தைப் பார்த்தாள். மேசையில் கிடந்த சீப்பை எடுத்து என் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"கோகுல், இங்கன பாரு. தாத்தா டீ ஆத்துதாரு."

அங்கிருந்து நேராக உங்களிடம் வந்துவிட்டார்கள். ஏமாற்றினேன் என்று எழுதியிருக்கிறார்களாம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த முகம் என்னுடையது. அந்தப் பெண் அழுததைப் பார்த்தும் சும்மா இருந்தேன். அதுவும் உண்மை. இனி கல்யாணம் தாராளமாக நடக்கட்டும்.

அவர்களை உள்ளே கூப்பிடுங்கள், ஐயா. திட்டட்டும், காசி அண்ணாச்சி கை நீட்டினாலும் நீட்டட்டும், நான் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். என்ன இருந்தாலும் என் பேரப்பிள்ளைகள்.