அந்தப் பாடத்த மட்டும் போடாதீங்க மிஸ்

இல்ல மிஸ், உக்காரல. இப்டியே நின்னு சொல்லிட்டுப் போய்ட்றேன். ஷூ கம்பெனில பர்மிஷன் போட்டுட்டு வந்தேன். கையெல்லாம் சொல்யூஷன் பசை, நாற்காலில ஒட்டிக்கும்.

ஆமா, நான்தான். ஒம்பதாவது அக்சாவோட அம்மா. எல்லாரும் அக்காவான்னுதான் கேப்பாங்க. சின்ன வயசுலயே கட்டிக் குடுத்துட்டாங்க.

சொல்றேன் மிஸ். வாசல்ல நிக்கறப்ப வாய்ல இருந்துச்சு, உங்களப் பாத்ததும் போய்டுச்சு. வந்து... கிளாஸ்ல டிவி பாடம் போடுறீங்கல்ல, இன்னிக்கி மத்தியானம் ஏதோ வாயுவப் பத்திப் போடப்போறீங்களாமே. அந்தப் பாடத்த மட்டும் விட்டுடுங்க.

ஐயோ, கொறை சொல்லல மிஸ். அது வந்ததுலேர்ந்துதான் பாப்பா படிக்கவே செய்றா. நீங்க பாதில நிறுத்தி, இது நம்ம ஊர்ல எங்க நடக்குதுன்னு கேப்பீங்களாம்ல. வீட்டுக்கு வந்து அதே மாரி எங்கள நிறுத்தி நிறுத்திக் கேப்பா. சோத்துல கைய வெச்சா, நிறுத்து, இதுல இன்னா சத்துன்னுவா. போன வாரம் நுரையீரலாம். ஒரே மூச்சுல பலூன் ஊதணுமாம், டிவி டீச்சர் சொன்னாங்களாம். நான் ஊதுனது தேங்கா சைஸு வந்துச்சு. அவங்க அப்பா ஊதுனாரு, எலுமிச்சம்பழம்தான். பலூன் ஓட்டைடி, வேற வாங்கினு வான்னாரு. அதுவும் எலுமிச்சம்பழம். அப்ப சிரிச்சோம் மிஸ்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்த வாயு பாடம் காலைல வீட்டு டிவிலயும் ஓடிச்சு. பாப்பா தண்ணி புடிக்கப் போயிருந்தா, நான் மட்டும் பாத்தேன். நான் அஞ்சாவதோட நின்னவ. ஆனா அந்த டீச்சர் நிதானமா சொல்றாங்களா, எனக்கே ஏறுது. அழுவின முட்ட நாத்தம் வர்ற வாயுவாம். மூடி வெச்ச தொட்டில தேங்கி நிக்குமாம். படம் போட்டாங்க, அவரு வேல செய்ற டேனரி தொட்டி மாரியே இருந்துச்சு.

ஆமா மிஸ், தோல் கழுவுன தண்ணி போற தொட்டி. அத அள்ளி சுத்தம் பண்றதுதான் அவருக்கு வேல. மூடியத் தெறந்து வெச்சிட்டு டீ குடிச்சினு நிப்பாங்களாம். நாத்தம் அடங்கினா எறங்கலாம். மிஷினு கிஷினு ஒண்ணும் கெடையாது, மூக்குதான். அதுவும் எல்லாரு மூக்கும் இல்ல, எங்க வீட்டுக்காரரு மூக்கு. தேவா, குனிஞ்சு பாருன்னுவாரு சூப்பர்வைசர். இவரு மோந்துட்டு சரின்னாதான் மத்தவங்க கால வெப்பாங்க. தேவானந்தம் மூக்கு கவர்மெண்ட் சீலு மாரின்னு கிண்டல் பண்ணுவாங்களாம். அதுல அவருக்கு ஒரு பெரும.

பாடத்துல இன்னா சொன்னாங்கன்னா, நாத்தம் நின்னுட்டா வாயு போய்டுச்சுன்னு நம்பாதீங்க, அது ஜாஸ்தியாச்சுன்னா மூக்கே மரத்துப் போய்டும்னாங்க.

இத பாப்பா பாத்தா சும்மா இருக்க மாட்டா. நீங்க நிறுத்திக் கேட்டதும் எழுந்து எங்கப்பான்னு ஆரம்பிச்சிடுவா. சூப்பர்வைசர் பையன் அபினேஷ் அதே கிளாஸ்தான். சாயங்காலமே விஷயம் அவங்கப்பா காதுக்குப் போய்டும். வேலயே போய்டும் மிஸ்.

தொட்டில எறங்குறாருன்னு சொன்னா போவாது, அது ஊருக்கே தெரியும். அவ சொல்லப் போறது அது இல்ல. வந்து... ஞாயித்துக்கெழம அடுப்புல கருவாடு வெச்சிட்டு தண்ணி லாரிக்கு ஓடினேன். அவரு அடுப்புக்கு முதுகக் காட்டினு செல்லு பாத்துனு இருந்தாரு. கருகுற நாத்தம் தெருமொனைலயே எனக்கு வந்துச்சு. பக்கத்து வீட்டு வஜீதா கூட எட்டிப் பாத்து, இன்னாம்மா தெருவையே வறுக்கறியான்னுது. இவரு அப்பதான் தலையத் தூக்கி, ஏன், இன்னா ஆச்சுன்னாரு.

ரொம்ப நாளாவே மோப்பம் இல்லியாம் மிஸ். சோப்பு வாசன தெரியல, மல்லிப்பூ தெரியல. யாருகிட்டயும் சொல்லாத, மூக்கு போச்சுன்னா என்னை எதுக்கு வெச்சிப்பாங்கன்னாரு. பாப்பாவும் கேட்டுனுதான் இருந்தா.

இல்ல, இப்பவும் அவருதான் சொல்றாரு. குனிவாரு. பக்கத்துல நிக்கிறவங்க மூஞ்சி சுளிக்கிறது நின்னுதுன்னா, எறங்குன்னுடுவாராம்.

அடுத்து எறங்கறது எப்பவா? இன்னிக்கிதான் மிஸ், சாப்பாட்டு மணிக்கு அப்பறம். அவரோட ரெண்டு பேரு, கல்யாணம் ஆவாத பசங்க.

ஃபோனா? அது உள்ள போறப்பவே வாங்கி வெச்சிடுவாங்க. டேனரி கேட்டு வரைக்கும் போனேன் மிஸ். வாட்ச்மேன் இன்னாம்மான்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, ஸ்கூலு பக்கத்துலதானேன்னு இங்க வந்துட்டேன்.

இன்னா மிஸ், நீங்க ஃபோன எடுக்குறீங்க. யாருக்கு மிஸ்?