டிபன் டப்பாவில் பதினொரு புழுக்கள்

தலைமை நாற்காலியின் நுனியில் அமர்ந்து, என் கையிலிருக்கும் டிபன் டப்பாவையே சந்தேகத்தோடு பார்க்கும் தலைமையாசிரியை ஞானபூரணம் அம்மா அவர்களே! அறிவியல் விழாவுக்காகப் புளியங்குடியிலிருந்து பஸ் பிடித்துச் சங்கரன்கோவில் வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைக்குப் பரிசு கிடைக்குமா என்று விழி பூத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் மீசை முறுக்கும் என் அப்பா மருதப்பன் அவர்களே! அவர் அருகில் அமர்ந்திருக்கும் சங்கரசுப்பு பெரியப்பா அவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

புழுவைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசை அத்தை, முகம் சுளிக்காதீர்கள்! எலுமிச்சைத் தளிரைத் தின்னுமே, அந்தப் பச்சைப் புழு. அதன் மூளைக்குப் பின்னால் ஒரு சுரப்பி, இளமை ஹார்மோனைச் சுரக்கிறது. 'இன்னும் தின்று வளர், இப்போதே கூடு கட்டாதே' என்று உடலெங்கும் போய்ச் சொல்லும் ஹார்மோன் அது. ஆனால் எண்ணெய்க் குணம் கொண்டது. புழுவின் இரத்தமோ தண்ணீர் போன்றது. ரசத்தில் விட்ட எண்ணெய் கலக்குமா? கலக்காது! தனியே போனால் பிழைக்குமா? பிழைக்காது! வழியிலேயே நொதிகள் சிதைத்துவிடும். அப்போது வருகிறது, சுமந்து செல்லும் புரதம்! அதன் மடியில் ஒரு பள்ளம். ஹார்மோன் உள்ளே நுழைந்ததும் கதவு மூடிக்கொள்கிறது. பத்திரமாகப் போய்ச் சேர்கிறது!

இதை எங்கே புரிந்துகொண்டேன்? புத்தகத்திலா? இல்லை, பஸ்ஸில்!

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் எலுமிச்சைக் கன்றுகளில் புழு விழுந்தது. அப்பா இங்கே கோவிலுக்கு வந்து, பூச்சித் தொல்லை தீர வேண்டிக்கொண்டு பூச்சி உருவம் பொறித்த தகடு வாங்கி உண்டியலில் போட்டார். மறுநாள் ஒரு புழுகூட இல்லை! "மருந்தே வேண்டாம்வே, நீரும் தகடு வாங்கிப் போடும்!" என்று ஊரெல்லாம் சொன்னார். பெரியப்பாவும் தகடு போட்டார், பூச்சி மருந்தை நிறுத்தினார். நேற்று அவர் கன்றுகளைப் பார்த்தேன். தளிரெல்லாம் முட்டை! முந்நூறு கன்றுகள்!

இனியும் மறைக்கலாமா? அம்பாள்மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் அந்தப் புழுக்களை எடுத்த கை, இந்தக் கை! இந்த விழாவுக்காக வளர்க்கலாம் என்று, மறுநாள் விடியுமுன்னே பொறுக்கினேன், டப்பாவில் போட்டு மூடினேன், பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறினேன். டப்பா குலுங்கியதும் புழுக்கள் கொம்பை நீட்டி நாற்றம் விட்டன.

"யாரு பையிலவே பழம் அழுகிக் கெடக்கு?" என்றார் கண்டக்டர்.

"லெமன் சாதம் அண்ணாச்சி."

"எந்த வருசத்து லெமன் சாதம் மக்கா?"

பஸ்ஸே சிரித்தது. நான் மூடியை இறுக்கிப் பிடித்தேன். திறந்தால் மிதிபட்டே செத்துவிடுமே! அந்த நேரத்தில் நான் யார்? நான்தான் சுமந்து செல்லும் புரதம்!

என்ன அப்பா, எழுந்துவிட்டீர்கள்? "ஏட்டி ஜெயசித்ரா, நீயா?" என்கிறீர்களா? நானேதான்! அடியை வீட்டில் வாங்கிக்கொள்கிறேன். பெரியப்பா, நீங்கள் முதலில் கன்றுகளைப் பாருங்கள்! சிரிக்கிறீர்களே? "எங் கன்னுக்கும் வந்து பொறுக்கு தாயி" என்கிறீர்களா? வருகிறேன்! ஆனால் முந்நூறு கன்றுக்கு இந்த டப்பா போதாது, அண்டா வேண்டும்! ஐயோ, அப்பாவும் சிரிக்கிறார்!

இனி பயமில்லை. பெரியோர்களே, புழுக்களுக்குள் அந்த ஹார்மோன் ஓய்ந்தது. பதினொன்றும் கூடு கட்டின. மேடையேறும்போது டப்பாவைத் திறந்து எண்ணினேன், ஒரு கூடு காலி! பதினொன்றாவது வண்ணத்துப்பூச்சி எங்கே? அசையாதீர்கள் தலைமையாசிரியை அம்மா, உங்கள் கொண்டைப் பூவில் சிறகு உலர்த்துகிறது!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், லெமன் சாதம் இல்லை என்று தெரிந்தும் காட்டிக்கொடுக்காத கண்டக்டர் அண்ணாச்சிக்கும் நன்றி. வணக்கம்!