எட்டு மணிக்குப் பிறகு அழலாம்

தேர்தல் நாளில் வெயில் அடிப்பது நல்லதல்ல, ஐயா. வெயில் அடித்தால் வெள்ளைக்காரர் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், எங்கள் ஆட்கள் கலியாண வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில்.

நீங்கள் கூப்பிட முன்பே நான் பொலிஸ் நிலையத்துக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் தம்பி கீர்த்தனன் லா சப்பல் பக்கத்துத் தொகுதியில் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு வென்றிருக்கிறான். அறுபது சொச்சம் வாக்குகள்தான் வித்தியாசம். தோற்றவர்கள் இப்போது வழக்குப் போட்டிருக்கிறார்கள். குணரத்தினம் என்ற ஒரு செத்த மனிதர் அன்றைக்கு வாக்களித்திருக்கிறாராம். ஒரு பிணம் வாக்களித்தால் இன்னும் எத்தனை பிணங்கள் வாக்களித்திருக்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குணரத்தினம் எங்கள் அப்பா. அவருடைய வாக்கைப் பெட்டியில் போட்டவள் நான். ஆகவே நான் சொல்வதுதான் முறை.

அப்பா லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அந்தத் தெருவில் அவரிடம் சும்மா கறிவேப்பிலை வாங்காத ஆள் கிடையாது. கடைக்கு வரி கட்டுவதால் அவருடைய வாக்கும் அங்கேதான். வீடு புறநகரில், கார்ஜ் லே கொனெஸில், நாலாம் மாடி. கால் ஏலாமல் போனபின் அவர் கீழே இறங்குவதில்லை. அதனால் தன் வாக்கை நிரோஜினி போடலாம் என்று என் பெயரில் எழுதிக் கொடுத்தார். உங்கள் ஆட்கள்தான் வீட்டுக்கு வந்து பதிந்தார்கள். மரியாதையான ஆட்கள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

எங்கள் சனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் உயிரோடு கிடக்கும்வரை அவரைப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைக்காது. செத்துவிட்டால் போதும், அடுப்பில் இருப்பதை இறக்கிவிட்டு வருவார்கள். அம்மா செத்த அன்று பின்னேரத்துக்குள் லா சப்பலில் பாதிக் கடைகள் பூட்டிவிட்டன. கார்ஜுக்கு வருகிற டி தடத்து ரயில் முழுக்க எங்கள் ஆட்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகாமல் வேறு எங்கும் போகவும் மாட்டார்கள். வாக்குச்சாவடிக்கு மட்டும் போவார்களா?

தம்பிக்கு முதல் சுற்றில் இரண்டாம் இடம். அந்த ஞாயிறு நடந்தது இரண்டாம் சுற்று. லா சப்பல் தமிழர் எல்லோரும் வந்தால்தான் வெல்லலாம் என்று அவனுக்காக வேலை செய்த தவரத்தினம் மாமா கணக்குப் போட்டார். எனக்கும் அதில் ஒரு சின்ன அக்கறை இருந்தது. தம்பி படிக்க வேண்டுமென்று பதினாறு வயதில் லிசேப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். வென்றால் தன் அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை என்று சொல்லியிருந்தான். ஜன்னலோரம்.

வெள்ளிக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "நான் செத்தாலும் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வாக்குப் பெட்டி பூட்டினாப் பிறகுதான் நீங்கள் அழோணும். அதுக்கு முதல் ஆரும் வாய் திறந்தியள் எண்டால் எழும்பி வந்து அடிப்பன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பெரியவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்டே பழகியவள் நான்.

ஞாயிறு காலை அப்பா குளியலறை வாசலில் விழுந்தார். கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை உடைந்துவிட்டது. நான் துண்டுகளைக் கூட்டி அள்ளினேன். போர்வை எடுத்து அவரை மூடினேன். பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மார்கிரட் அன்ரி.

"என்ன பிள்ளை, ஏதோ விழுந்த சத்தம்?"

"கோப்பை, அன்ரி."

"கொப்பர் எங்கை?"

"படுத்திருக்கிறார்."

"தேர்தல் நாளிலை படுக்கையோ? மனுசன் விடியவே கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்கும் எண்டெல்லே நினைச்சன். தேர்தலிலை மகனோ நிக்கிறான், கொப்பரோ நிக்கிறார் எண்டு எனக்கே சந்தேகம்!"

நல்ல மனுசி. ஆனால் எங்கள் வாசலில் அம்புலன்ஸ் வந்தால், ஆள் கீழே இறங்குவதற்குள் லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் செய்தி போய்விடும். லா சப்பலுக்கு அதற்கும் முன்னால் போய்விடும். கதவைச் சாத்திவிட்டு ரேடியோவைப் போட்டேன், கொஞ்சம் சத்தமாக. உடுப்பு மாற்றிக்கொண்டு ரயில் எடுத்தேன்.

வாக்குச்சாவடியில் வரிசை நீளம். பார்க்கச் சந்தோசமாக இருந்தது. நான் உறையைப் பெட்டியில் போட்டதும் அங்கிருந்த அதிகாரி அப்பாவின் பெயரைக் கடித்துக் குதறி வாசித்துவிட்டு, "ஆ வொத்தே" என்று அறிவித்தார். வாக்களித்துவிட்டார். குடியரசு அவ்வளவு சத்தமாக அப்பாவின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளியே தவரத்தினம் மாமா நின்றார்.

"அண்ணை எப்பிடி, பிள்ளை?"

"படுத்திருக்கிறார், மாமா."

"ஓம், படுக்கட்டும் படுக்கட்டும். இரவைக்கு எழுப்பி மாலை போடுவம்."

நான் யாருக்கும் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தம்பியும் போன் எடுத்தான்.

"அக்கா, அப்பாட வோட்?"

"போட்டாச்சு."

"செ பொன், நல்லது," என்று வைத்துவிட்டான். அப்பா எப்படி என்று கேட்கவில்லை. அவனில் பிழை இல்லை, வேட்பாளருக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை.

பின்னேரம் வீட்டுக்குத் திரும்பி அப்பாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். எட்டு மணிக்கு வாக்குச்சாவடி பூட்டியதும் அவசர உதவிக்கு அழைத்தேன். பிறகு எல்லோருக்கும் சொல்லி அழுதேன். இரவு வென்ற செய்தியும் செத்த செய்தியும் ஒரே ரயிலில் வந்தன. தம்பிக்குக் கட்டிய மாலையை அப்பாவுக்குப் போட்டார்கள். வீண் போகவில்லை.

இப்போது மார்கிரட் அன்ரி, காலையிலிருந்து அப்பாவின் சத்தமே கேட்கவில்லை, மனுசன் அப்போதே போய்விட்டார், பெட்டை பிணத்தை ஒளித்துவைத்துவிட்டு வாக்குப் போடப் போயிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம். வழக்கே அதை வைத்துத்தான். இது பெரிய அநியாயம். எழுதிக் கொடுத்தவர் வாக்குப் போடுமுன் செத்தால் அந்த வாக்குச் செல்லாது என்பது எனக்கும் தெரியும். படிப்பை விட்டவள் என்றாலும் சட்டத்தை வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அப்பா அப்போது சாகவில்லை, ஐயா. போர்வையைக் கழுத்துவரைதான் மூடினேன். குளிரில் நடுங்கினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, ஆனாலும் "பிள்ளை, பிள்ளை" என்று கூப்பிடுவது விளங்கியது. ரேடியோ போட்டது அதற்குத்தான். நான் திரும்பி வந்தபோதும் கண் திறந்திருந்தது. இடது கையால் என் கையைப் பிடித்து, போன் இருந்த மேசைப் பக்கம் இழுத்தார். நான் கையை விடவில்லை. எட்டு மணிக்குச் சற்று முன் அவர்தான் விட்டார். வந்த டொக்டரும் அந்த நேரத்தைத்தான் எழுதியிருக்கிறார். விழுந்தவுடன் அழைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னார். அது தேர்தலோடு சம்பந்தப்படாத விசயம்.

ஆகவே அந்த வாக்குச் செல்லும். அன்று பகல் முழுக்க அப்பாவுக்கு உயிர் இருந்தது. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். தம்பியின் பெயர் கெடக்கூடாது.