சிவப்புப் பொட்டு மேல்பக்கம்

இத்தாலியிலை பிளக்குக்கு மேல் கீழ் இல்லைத் தங்கச்சி. ஊரிலை ஒரு பக்கமாத்தான் செருகலாம். இஞ்சை மூண்டு கம்பியும் ஒரே நேரா நிக்கும், எப்பிடித் திருப்பிச் செருகினாலும் போகும். பிறிட்ஜ், அயன், ரீவி ஒண்டுக்கும் அதாலை வித்தியாசமில்லை. இதை முதலிலை அந்தப் பொலிஸ் ஐயாவுக்கு இத்தாலியனிலை சொல்லுங்கோ. இது விளங்கினால்தான் அவருக்கு மிச்சமும் விளங்கும்.

நான் வைச்சுப் பாத்த வயசுபோன எர்சிலியா சிஞ்ஞோரா வீட்டுக் கல்தாயா அப்பிடி இல்லை. காஸிலை எரிஞ்சு வீட்டுக்கும் குழாய்த் தண்ணிக்கும் சூடு குடுக்கிற பெட்டி அது. குசினிச் சுவரிலை தொங்குது. ஒருநாள் சுவர் துடைக்கேக்கை நான் பிளக்கைக் கழட்டிப்போட்டு ஏதோ ஒரு பக்கமாச் செருகிவிட்டன். அதுக்குப் பிறகு கல்தாயா பத்தும், உடனை அணைஞ்சு நூரும், சிவப்பு லைற் விழும். சால்வோ எண்ட மெக்கானிக் வந்து மூடியைக் கழட்டி, மீற்றரை வைச்சு ஒவ்வொரு வயராப் பாத்தார். பியூஸ் சரி, சேர்க்கிற் பலகை சரி. கடைசியிலை பிளக்கை இழுத்து மறுபக்கமாச் செருகினார். பத்தினது நூரேல்லை.

"ஜூசி, கரண்ட் வாற கம்பி இடம் மாறினால் இது தன்ரை நெருப்பையே காணாது. நெருப்பு இல்லையெண்டு காஸைப் பூட்டிப்போடும்," எண்டார். "ஆபத்து ஒண்டும் இல்லை. வீடு குளிரும், அவ்வளவுதான்."

யோசப்பின் எண்ட என்ரை பேரை ஜூசி எண்டு சுருக்கினது சிஞ்ஞோராதான். சால்வோ அவவின்ரை சிவப்பு நகப்பூச்சை வாங்கி, பிளக்கிலை ஒரு பொட்டு வைச்சிட்டுப் போனார். பொட்டு மேல்பக்கம் இருந்தால் சரி.

பலேர்மோவிலை, லிபெர்த்தாத் தெருவிலை அந்த மூண்டாம் மாடியிலை அவவோடை கனகாலம் இருந்தனான். குளிக்க வாத்தது, சாப்பாடு தீத்தினது, இரவிலை எழும்பிப் பாத்தது எல்லாம் நான்தான். அவவின்ரை மகன் ஃபாபியோ வடக்கிலை, தொரீனோவிலை. அவரைக் குறை சொல்லேல்லை. அவவுக்கு நான் இருந்தன், எனக்கு அவ இருந்தா.

ஞாயிறு எனக்கு லீவு. அண்டைக்கு என்ரை இடத்துக்குக் கேசிகா வருவாள். இஞ்சை வளந்த எங்கடை தமிழ்ப் பிள்ளை, பலேர்மோச் சனம் மாதிரியே கதைப்பாள், சிஞ்ஞோராவைச் சிரிக்கப் பண்ணுவாள். நல்ல பிள்ளை, அதையும் எழுதச் சொல்லுங்கோ. திங்கள் காலமை சிஞ்ஞோரா தலையைத் தடவிக்கொண்டு, "கேசிகா பின்னிவிட்டவள், வடிவா இருக்கோ?" எண்டு கேப்பா. வடிவா இருக்கு எண்டு சொல்லிக்கொண்டு அவிட்டுவிடுவன்.

ஒருநாள் மகன் போன் எடுத்தார். "அம்மா கேசிகாவைக் கிழமை நாளிலையும் கேக்கிறா. நீங்களும் கொஞ்சம் ஆறலாம்தானே, ஜூசி." ஓம் எண்டு சொன்னனான். அடுத்த ஞாயிறு வெளிக்கிடேக்கை பிளக்கைத் திருப்பி, பொட்டைக் கீழ்ப்பக்கம் ஆக்கிவிட்டன்.

பிரான்காச்சோவிலை சிநேகிதி வீட்டிலை இருக்கேக்கை கேசிகா போன் எடுத்தாள்.

"அக்கா, கல்தாயா பத்தி உடனை நூருது. ரீசெற்றை அமத்தி அமத்திப் பாத்திட்டன்."

"வேறை என்னத்தைத் தொட்டனி?"

"ஒண்டும் தொடேல்லை அக்கா. சிஞ்ஞோரா நடுங்கிறா. படம் எடுத்து வைச்சிருக்கிறன், மெக்கானிக்குக்கு அனுப்பட்டோ?"

"வேண்டாம். நான் வாறன்."

பஸ் எடுத்துப் போனன். போர்வை எடுத்து வா எண்டு கேசிகாவை அறைக்குள்ளை அனுப்பிப்போட்டு, பிளக்கைச் சரியாச் செருகினன். வீடு சூடாக, சிஞ்ஞோரா என்ரை கையை இழுத்துக் கொஞ்சினா. "நீ இல்லாட்டி நான் என்ன செய்வன், ஜூசி?" எண்டா. அந்தக் கையை அண்டைக்கு முழுக்க நான் கழுவேல்லை.

பிறகும் செய்தனான். கேசிகா எதையோ பழுதாக்கிறாள் எண்டு மகன் அவளை நிப்பாட்டினார். அழுதுகொண்டு போனாள். கோயில் ஆக்களிட்டைச் சொல்லி அவளுக்கு வேறை வேலை எடுத்துக் குடுத்ததும் நான்தான். அதோடை எனக்கு ஞாயிறு லீவும் இல்லாமல் போச்சுது. நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. ஆனால் சிஞ்ஞோரா அவளைக் கேக்கிறதை விடேல்லை.

தை மாதம் துறைமுகப் பக்கத்தாலை குளிர்காத்து அடிச்சது. அவவுக்கு இருமல், நெஞ்சிலை சளி. சூப் பருக்கேக்கை, "உன்ரை கை குளிருது. கேசிகாவின்ரை கை சூடு," எண்டா. நான் கோப்பையை வைச்சிட்டு, குசினிக்குப் போய்ப் பிளக்கைத் திருப்பினன்.

இந்த முறை நான் வெளியிலை போகேல்லை. அவவைத் தனிய விடேல்லை, அதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கோ. மேல் போர்வை ஊத்தை, தோய்க்கப் போட்டன். அறை மணத்தது, யன்னலைத் திறந்தன். கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்தன். என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், எழும்பிப் போய்த் திருப்புவம் எண்டு நினைச்சன். அவ கேசிகாவைக் கூப்பிட்டா. செத்துப்போன மனிசனைக் கூப்பிட்டா. மகன் போன் எடுத்தார், அம்மா நித்திரை எண்டன். அடுத்த நாளும் அப்பிடியே போச்சுது. பின்னேரம் நடுக்கம் நிண்டிட்டுது. ஆறுதலாக் கிடந்தா.

ஏன் தங்கச்சி நிப்பாட்டிப்போட்டீங்கள்? ஐயா பாத்துக்கொண்டிருக்கிறார், சொல்லுங்கோ.

மூச்சு நிண்டாப் பிறகு யன்னலைப் பூட்டி, பொட்டை மேலை ஆக்கி, வீடு சூடாகும் மட்டும் இருந்திட்டு அம்புலன்ஸுக்கு அடிச்சன். வந்த டொக்டர்மார் வயசு, சளிக்காய்ச்சல் எண்டு எழுதினவை. மகன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். கேசிகா அந்த ஞாயிறு எடுத்த படத்தை அழிக்கேல்லை. செத்தவீட்டுக்குப் பிறகு சால்வோவுக்குக் காட்டியிருக்கிறாள். படத்திலை பொட்டுக் கீழ்ப்பக்கம். பொட்டின்ரை விசயம் தெரிஞ்ச ஆள் அந்த வீட்டிலை நான் ஒருத்திதான். பொலிஸ் என்னைக் கூப்பிட்டது அதைக் கேக்கத்தான். மிச்சம் நானாச் சொல்லுறன்.

அவ சாகவேணும் எண்டு நினைச்சனீங்களோ எண்டு அவர் கேக்கிறார், என்ன? இல்லை. உங்கடை பேரை ஒருக்காலும் கூப்பிடேல்லையோ எண்டும் கேக்கிறார். கூப்பிட்டவ. ரெண்டாம் நாள் மத்தியானம், ஜூசி எண்டு தெளிவாத்தான் கூப்பிட்டவ. எனக்குக் கேட்டது. ஆனால் கேசிகாவைக் கூப்பிட்ட மாதிரி இல்லைத் தங்கச்சி, தண்ணி கேக்கிற குரல். இன்னொருக்கா வடிவாக் கூப்பிடட்டும் எண்டு இருந்தன். பிறகு கூப்பிடேல்லை.

அதுக்காக அவவிலை எனக்குக் கோவமில்லை. போன ஞாயிறு பூசையிலை அவவுக்காக மண்டாடினன். நான் அவவை மன்னிச்சிட்டன்.