வேளை தவறாத மருந்து

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறை ஜன்னலைத் திறந்துவிடுவேன். புழுக்கம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்த ஜன்னலில்தான் இருக்கிறது.

தம்பிக்கு ஆறு வயதில் இழுப்பு வந்தது. எனக்குப் பதினான்கு. அம்மா அந்த வருடமே போய்விட்டாள். அதிலிருந்து முப்பத்தொன்பது வருடம் அவன் நெஞ்சைத் தேய்த்துவிட்டதும், முதுகுக்குத் தலையணை வைத்ததும் நான்தான். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, "இவனை யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டேன். வந்தவர்கள் எழுந்து போனார்கள்.

போன வருடம் புது டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். நீலம், மூச்சு முட்டும்போது உடனே கைகொடுப்பது. பழுப்பு, ஸ்டீராய்டு. காலையில் இரண்டு அழுத்து, மாலையில் இரண்டு, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இழுத்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, நாள்பட நாள்படத்தான் உள்ளே வேலை செய்யும். ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன் தம்பி. வீட்டில் தன் சட்டை எங்கே என்று என்னைத்தான் கேட்பான். ஆகவே பழுப்பு என் பொறுப்பானது.

மூன்றே மாதத்தில் ஆள் மாறிவிட்டான். மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணோடு பழக ஆரம்பித்தான். நாற்பத்தைந்து வயதில் மீசைக்கு மை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு மாலை கொப்பளித்துத் துப்பிவிட்டு, துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம். அவ கடைப் பக்கமே வீடு பாத்தாச்சு. நீயும் எத்தனை நாளைக்குத்தான் எனக்காகப் பாடுபடுவ? இனிமே கொஞ்சம் ஓய்வெடு."

ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

மறுநாள், தீர்ந்துபோன பழைய பழுப்பை அவனிடம் நீட்டினேன். மருந்து தீர்ந்தாலும் அது கொஞ்ச நாள் வெறுமனே புஸ்ஸென்று அடிக்கும். புதியதை ஜன்னலுக்கு வெளியே இரண்டு முறை அழுத்தினேன். அழுத்த அழுத்த அதன் முதுகில் எண் குறையும். ஆஸ்பத்திரி நர்ஸ் அதைத்தான் பார்ப்பாள். பிறகு டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்தான்.

ஒரு மாதத்தில் இழுப்பு திரும்பியது. கல்யாணம் தள்ளிப்போனது. மறுபடி தலையணை, மறுபடி நெஞ்சைத் தேய்ப்பது. அலுப்பாக இருந்தது. ஆனால் பழகிய அலுப்பு.

நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு, "கணக்கு கச்சிதமா இருக்கு. உங்கள மாதிரி ஒரு அக்கா எல்லாருக்கும் கிடைக்கணும்" என்றாள். டாக்டர் குழம்பிப்போய் மருந்தின் வீரியத்தைக் கூட்டினார். அதையும் ஜன்னலுக்கு வெளியேதான் அடித்தேன்.

நீலத்தை நான் தொட்டதே இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். திங்கட்கிழமை மதியம் காரில், ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தபடி அவன் அதைப் பத்து தடவை அழுத்தினானாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பழுப்பைக் கேட்டார்கள். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். மீதி எண்பத்தெட்டு என்று நர்ஸ் குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அந்த நர்ஸ் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜன்னலோரம் இருந்த பழுப்பைக் கைப்பழக்கத்தில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எழுபத்திரண்டு.

"அக்கா, தம்பி திங்கக்கிழமையே போயிட்டாரே. இது யாருக்கு?"

காலையும் மாலையும் கை தானாகப் போய்விடுகிறது.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. போகக் கூடாது, அவ்வளவுதான். கொன்றது நான்தான், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். 'கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை.